பராமரிப்பவரின் ஓய்வும் முதியவரின் மூச்சும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை முற்பகல், 82 வயது மூதாட்டி ஒருவர் முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். அவருக்குக் காய்ச்சல் இல்லை. இருமலும் இல்லையென்றே சொல்லலாம். 'இரண்டு நாட்களாகத் தூக்கம் அதிகம், சாப்பாடு குறைவு' என்பதுதான் இல்லத்தார் கொடுத்தனுப்பிய சீட்டில் இருந்த ஒரே குறிப்பு. மூச்சை எண்ணிப் பார்த்தோம், நிமிடத்திற்கு 32. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 விழுக்காடு. மார்பு எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுவதும் வெண்மை படர்ந்திருந்தது. நிமோனியா.

வெளியூரிலிருந்து விரைந்து வந்த மகனிடம் நெடுநேரம் பேசினோம். அவரால் சொல்ல முடிந்தது மிகக் குறைவு. தாயை அவர் நேரில் பார்த்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. அவருக்குச் சற்றுப் பின்னால், கையில் ஒரு பிளாஸ்க்கும் துணிப்பையுமாக ஓர் அம்மையார் நின்றிருந்தார். அவர்தான் அந்த இல்லத்தின் பராமரிப்பு உதவியாளர். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை. மாலையில் எங்கள் செவிலியர் ஒருவர் பேச்சுக்கொடுத்தபோதுதான் அவர் வாய் திறந்தார். "திங்கக்கிழமை காலையிலேயே பாட்டி காபியைப் பாதியில வச்சுட்டாங்க சிஸ்டர். எப்பவும் இன்னும் கொஞ்சம் கேக்குறவங்க. அப்பவே எனக்கு மனசு சரியில்ல" என்றார். அதற்கு முந்தைய வாரம் தமக்கே சளியும் காய்ச்சலும் இருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆகவே மாத்திரையை விழுங்கிவிட்டுப் பணிக்கு வந்திருக்கிறார்.

அந்த மூதாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் நோய்க்கு முன்பு ஊன்றுகோலுடன் தாமே நடந்தவர், 11 நாட்களுக்குப் பின் சக்கர நாற்காலியில்தான் இல்லம் திரும்பினார். உதவியாளரின் சளியே அவருக்குத் தொற்றியது என்று எங்களால் அறுதியிட்டுக் கூற இயலாது. அவரைக் குற்றம் சொல்வதும் எங்கள் நோக்கமன்று. எனினும் அன்று அந்த நடைகூடத்தில் எங்களுக்கு ஒன்று விளங்கியது. முதியோர் இல்லங்களில் சுவாசத் தொற்றைத் தடுப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மருந்தைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் பேசுகிறோம். நாள்தோறும் அந்த முதியவரைத் தொட்டு, ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைக்கும் மனிதரைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் நோயுற்றால் ஊதியத்துடன் ஓய்வு, அவருக்குத் தடுப்பூசி, அவர் சொல்லுக்குச் செவி ஆகிய மூன்றும் கிடைத்தாலன்றி இல்லத்து முதியோரின் நுரையீரலுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது எங்கள் கருத்து.

இல்லத்தில் ஏன் விரைந்து பரவுகிறது?

வீட்டில் வாழும் முதியவரைக் காட்டிலும் இல்லத்தில் வாழும் முதியவருக்குச் சுவாசத் தொற்று எளிதில் வருகிறது. இதற்கு இல்லத்தின் தூய்மைக் குறைவு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மிகத் தூய்மையான இல்லத்திலும் பலர் ஒரே கூடத்தில் உண்கிறார்கள், ஒரே அறையில் உறங்குகிறார்கள், ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்கிறார்கள். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதிநோய், நீரிழிவு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு என ஏற்கெனவே நலிந்த உடல்கள் அங்கே ஒன்றுகூடியிருக்கின்றன. வீட்டில் ஒருவருக்கு ஒருவர் என்ற நிலை மாறி, இல்லத்தில் ஒரே இணைக் கைகள் எட்டுப் பேருக்கோ பத்துப் பேருக்கோ பணிசெய்கின்றன.

படுக்கையில் இருக்கும் முதியவர் வெளியே செல்வதில்லை. ஆகவே இன்ஃபுளுவென்சா, கொரோனா, ஆர்.எஸ்.வி. போன்ற நச்சுயிரிகளை அவர் தாமாகப் போய்த் தேடிக்கொள்வதில்லை. ஊழியர், வருகையாளர், புதிதாகச் சேரும் முதியவர், மருத்துவமனையிலிருந்து திரும்புபவர் ஆகியோர் வழியாகத்தான் அவை உள்ளே வருகின்றன. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டி இன்ஃபுளுவென்சா கூடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். மழையென்று சன்னல்களை அடைத்துவிட்டு எல்லோரும் ஒரே கூடத்தில் அமரும் காலமும் அதுவே.

கிங் கவுண்டி தந்த பாடம்

உலகம் இதைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2020 பிப்ரவரி இறுதியில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுண்டியில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கொரோனா பரவியது கண்டறியப்பட்டது. மார்ச் 18ஆம் நாள் வரை அந்த இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களில் 101 பேர் அங்கே தங்கியிருந்தவர்கள், 50 பேர் ஊழியர்கள், 16 பேர் வருகையாளர்கள். தங்கியிருந்தவர்களில் 34 பேர் இறந்தனர். தொற்று எவ்வாறு இல்லத்திற்கு இல்லம் தாவியது என்று ஆராய்ந்த பொதுச் சுகாதார அலுவலர்கள் குறிப்பிட்ட காரணங்களில் இரண்டை நாம் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். ஊழியர்கள் நோய்க்குறியுடன் பணிக்கு வந்தனர் என்பது ஒன்று. ஒரே ஊழியர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்தார் என்பது மற்றொன்று.

இரண்டுமே மருத்துவக் காரணங்கள் அல்ல. ஊதியம் சார்ந்த காரணங்கள். ஒரு வேலையின் சம்பளம் போதாதவர்தான் இரண்டாம் இல்லத்துக்கு ஓடுகிறார். ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர்தான் காய்ச்சலோடு வருகிறார். செல்வம் மிகுந்த ஒரு நாட்டில் நிகழ்ந்தது இது. இங்கே, தினக்கூலிக்கும் ஏஜென்சி வழியாகவும் வரும் நம் உதவியாளர்களின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். பகலில் ஓர் இல்லத்திலும் இரவில் ஒரு வீட்டிலும் வேலை செய்பவர்களை நாங்கள் அறிவோம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நோய்க்குறி உள்ளவரை நிறுத்திவிட்டால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. அதே மாவட்டத்தின் மற்றோர் இல்லத்தில் முதியோர் அனைவரையும் பரிசோதிக்க முயன்றபோது 48 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 27 பேருக்குப் பரிசோதனை நாளன்று எந்த அறிகுறியும் இல்லை. ஆகவே இல்லத்தில் ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டால், இருமுபவர், இருமாதவர் என்று பாராமல் ஊழியர் அனைவரும் முகக்கவசம் அணிவதும், கைகழுவுவதும், காற்றோட்டமும் தேவைப்படுகின்றன. ஆயினும் வெளிப்படையாக இருமுகிற ஒருவரை உணவூட்டும் பணியில் நிறுத்திவைத்துக்கொண்டு மற்ற ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுவது, கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சன்னலுக்குத் தாழ்ப்பாள் தேடுவதை ஒக்கும்.

காய்ச்சல் இல்லாத நிமோனியா

'காய்ச்சல் இல்லையே, பிறகு எப்படி நிமோனியா?' என்று குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முதுமையில் உடலின் எதிர்ப்பாற்றல் தளர்வதால் வெப்பநிலை உயர்வதும் தளர்கிறது. இளைஞருக்கு 103 டிகிரி காட்டும் தொற்று, 85 வயதுக்காரருக்கு 99 டிகிரியில் நின்றுவிடலாம். இருமும் திறனும் குன்றிவிடுகிறது. உடலில் நீர் வற்றியிருந்தால் சளியும் வெளிவருவதில்லை. மறதிநோய் உள்ளவரால் 'நெஞ்சு வலிக்கிறது' என்று சொல்லவும் இயலாது.

ஆகையால் வேறு வகையில் நோய் தன்னைக் காட்டுகிறது. வழக்கமாக உண்பவர் உணவை ஒதுக்குகிறார். பேசிக்கொண்டிருப்பவர் பேச்சைக் குறைக்கிறார். பகலில் உறங்குகிறார், இரவில் குழம்பிப் பிதற்றுகிறார். நடந்தவர் தடுமாறி விழுகிறார். புதிதாகப் படுக்கையை நனைக்கிறார். இவற்றை 'வயசாயிற்று' என்று கடந்துபோய்விடுகிறோம். ஒரே நாளில் யாருக்கும் வயதாவதில்லை. நேற்று இல்லாத மாற்றம் இன்று இருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தேட வேண்டும்.

இல்லங்களில் எளிதாகச் செய்யத்தக்க அளவீடுகள் உள்ளன. முழுதாக ஒரு நிமிடம் மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரை அழையுங்கள். வெப்பநிலை ஒருமுறை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும், மீண்டும் மீண்டும் 99க்கு மேல் இருந்தாலும், அவருடைய வழக்கமான அளவைவிட 2 டிகிரி கூடினாலும் அதைக் காய்ச்சலாகவே கொள்ள வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால் மருத்துவரிடம் பேசுங்கள்; 90க்குக் கீழ் இறங்கினால் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவு இயல்பாகவே குறைந்திருக்கலாம். அவர்களுடைய எல்லையை அவர்களுடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துவையுங்கள்.

இந்த மாற்றங்களை முதலில் காண்பவர் யார்? மருத்துவர் அல்லர், ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில் பேசும் பிள்ளையும் அல்லர். காபியைக் கொடுத்தவர்தான் காண்கிறார். அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, உதவியாளர்கள் கவனித்த நடத்தை மாற்றங்கள் நோய்க்குறிப்பேட்டில் நோய் பதிவாவதற்கு முன்னரே வெளிப்பட்டன என்று காட்டியது. எங்கள் மூதாட்டியின் வரலாறும் அதுவே. திங்கட்கிழமை காலையில் அறியப்பட்ட ஒன்று வியாழக்கிழமை முற்பகலில்தான் மருத்துவரை எட்டியது. இடையில் கழிந்த மூன்று நாட்களை எந்த ஆன்டிபயாட்டிக் மருந்தாலும் மீட்டுத்தர முடியவில்லை.

அந்த அம்மையார் ஏன் அன்றே சொல்லவில்லை? சொல்லியிருக்கிறார். 'காபி குடிக்கலைன்னா ஒரு நோயா' என்று மேற்பார்வையாளர் கடந்துபோயிருக்கிறார். உதவியாளரின் 'மனசு சரியில்ல' என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பேடும், அதை அன்றே படிக்கும் ஒரு செவிலியரும் இருந்தால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை.

அந்தக் கைகள் செய்யும் மருத்துவம்

முதியோரின் நிமோனியாவில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருவதன்று. வாயிலிருந்தே நுரையீரலுக்கு இறங்குவது. விழுங்கும் திறன் தளர்ந்தவர்களுக்கு உறக்கத்தில் எச்சிலும், உண்ணும்போது உணவுத் துணுக்கும் மூச்சுக்குழாய்க்குள் புகுகின்றன. பல் துலக்கப்படாத வாயில் பெருகும் கிருமிகள் அவற்றோடு சேர்ந்து செல்கின்றன.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர்களே பல் துலக்கிவிட்டனர். தேவைப்பட்டால் வாரம் ஒருமுறை பல் மருத்துவரும் கவனித்தார். இரண்டு ஆண்டுகளில், இத்தகைய கவனிப்புப் பெறாத பிரிவில் 19 விழுக்காட்டினருக்கும், பெற்ற பிரிவில் 11 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவுக்குப் பயனைக் காட்டிவிடவில்லை. ஆயினும் வாய்த் தூய்மையால் கேடு ஒன்றும் இல்லை. முதியவருக்கு உணவின் சுவையாவது மீளும். டோக்கியோவில் 85 வயதைக் கடந்தவர்களிடையே நடந்த மற்றோர் ஆய்வில், உறங்கும்போது பல்செட்டைக் கழற்றாதவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

ஆகவே இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். சிறு கவளமாகக் கொடுத்து, முன்னது இறங்கியதை உறுதிசெய்த பின்னரே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டவே கூடாது. உண்டபின் அரைமணி நேரமாவது சாய்ந்து அமர்ந்திருக்க வேண்டும். இவை யாவும் பொறுமையும் நேரமும் கேட்கும் வேலைகள். பத்துப் பேருக்கு ஒரே மணி நேரத்தில் ஊட்டி முடிக்க வேண்டிய ஒருவரால் இவற்றைச் செய்ய இயலாது. அவரே காய்ச்சலில் தள்ளாடினால் சொல்லவே வேண்டாம். எனவே உதவியாளரின் எண்ணிக்கையும் உடல்நலமும் இல்லத்தின் உள்நிர்வாகச் செய்தி மட்டுமல்ல. உங்கள் தாய் தந்தையின் மருத்துவக் குறிப்பில் இடம்பெற வேண்டிய செய்தி.

நூறு ரூபாய்க் கணக்கு

'நீங்கள் சொல்வது சரி. ஆனால் இருமுகிற ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தால் இல்லத்தை நடத்துவது எப்படி?' என்று இல்லம் நடத்தும் நண்பர் ஒருவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவரோடு அமர்ந்து ஒரு கணக்குப் போட்டோம்.

ஓர் இல்லத்தில் 30 முதியோர், 10 உதவியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 6 நாட்கள் ஊதியத்துடன் நோய்விடுப்பு. நாள் ஊதியம் 600 ரூபாய் என்று கொண்டால், 10 பேருக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய். இதை 30 குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய். மாதத்துக்கு 100 ரூபாய். ஊதியம் கூடினால் இந்தத் தொகையும் சற்றுக் கூடும். நிமோனியாவுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் படுப்பதற்கு ஆகும் செலவை அறிந்த குடும்பங்கள் இந்த நூறு ரூபாயை எண்ணிப் பார்த்து மலைக்கமாட்டா. இல்லத்தார் இதைத் தாமே ஏற்க இயலாவிட்டால், குடும்பங்களின் கூட்டத்தில் வெளிப்படையாகக் கேட்கட்டும். எதற்காகக் கேட்கிறார்கள் என்று விளங்கினால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறோம்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்ற ஊழியருக்கு நோய்க்காலப் பணப்பயன் உண்டு. நெடுங்காலமாக இருந்துவரும் விதிப்படி, உரிய பங்களிப்புச் செலுத்தியவருக்கு ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தின் 70 விழுக்காடு கிடைக்கும். உங்கள் இல்லத்தின் உதவியாளர்கள் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆனால் அதிலும் ஓர் இடைவெளி உண்டு: நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாக அந்தப் பயன் கிடையாது. இன்ஃபுளுவென்சாவோ அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னரே பரவத் தொடங்கி, தோன்றிய முதல் மூன்று நான்கு நாட்களில்தான் மிகுதியாகப் பரவுகிறது. எந்த நாட்களில் அவர் வீட்டில் இருப்பது முதியோருக்கு மிகவும் தேவையோ, அந்த நாட்களில்தான் அவருக்கு ஊதியம் இல்லை. இந்த இரண்டு நாட்களை இல்லமும் குடும்பங்களும் சேர்ந்து ஏற்க வேண்டும்.

விடுப்பு எத்தனை நாள்? மாத்திரையின் உதவியின்றிக் காய்ச்சல் விட்டு 24 மணி நேரமாவது கழிந்த பின்னரே பணிக்குத் திரும்புவது நன்று. திரும்பிய பின்னும் இருமல் நிற்கும்வரை முகக்கவசம் வேண்டும். இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தால், அது உதவியாளராயினும் முதியவராயினும், காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அப்பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். நம் நாட்டில் இதை மறந்துவிட்டுச் சுவாசத் தொற்றைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

தடுப்பூசி யாருக்கு?

முதியோருக்கு ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும், மருத்துவர் பரிந்துரைக்கும் முறையில் நிமோகாக்கல் தடுப்பூசியும் தேவை. மழைக்காலத்துக்கு முன்பே இன்ஃபுளுவென்சா தடுப்பூசியைப் போட்டுவிடுவது நல்லது. அது பயன்தர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனினும் முதிய உடல் தடுப்பூசிக்குக் காட்டும் எதிர்வினை இளைய உடலின் அளவுக்கு வலுவானதன்று. ஆகவேதான் அவரைச் சூழ்ந்திருப்பவர்களுக்கும் தடுப்பூசி போடுவது பற்றிப் பேசுகிறோம்.

ஸ்காட்லாந்தில் 20 நீண்டகால முதியோர் மருத்துவமனைகளில் நடந்து, 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு இது: ஊழியர்களுக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி அளிக்க முன்வந்த மருத்துவமனைகளில் ஏறத்தாழ பாதி ஊழியர்கள் அதைப் போட்டுக்கொண்டனர், மற்றவற்றில் 5 விழுக்காட்டினர் மட்டுமே. அந்தக் குளிர்காலத்தில் நோயாளிகளின் இறப்பு முதல் வகை மருத்துவமனைகளில் 13.6 விழுக்காடு, இரண்டாம் வகையில் 22.4 விழுக்காடு. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பிற அறிஞர்கள், இந்த ஆதாரம் ஐயத்திற்கு இடமற்றதன்று என்று பின்னர் கூறியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறோம். எங்கள் நிலைப்பாடு எளியது: தடுப்பூசி முதலில் அந்த உதவியாளரைக் காக்கிறது. அவரும் நம் கவனிப்புக்கு உரிய மனிதரே. அவர் வழியாக முதியவரும் காக்கப்பட்டால் அது மேலும் நன்மை. அதன் விலையை உதவியாளரின் கூலியிலிருந்து பிடிக்காமல் இல்லமே ஏற்க வேண்டும்.

கதவைப் பூட்டுவது வழியா?

தொற்று என்றவுடன் வருகையாளரைத் தடைசெய்துவிடலாம் என்று சில இல்லங்கள் எண்ணுகின்றன. கொரோனாக் காலத்தில் மாதக்கணக்கில் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் முதியோர் பட்ட தனிமையை நாங்கள் கண்டோம். உண்ண மறுத்தவர்கள், பேச்சை இழந்தவர்கள், தம் பிள்ளைகளின் முகத்தையே மறந்தவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் வருவதும் ஒரு மருந்துதான். ஆகவே வாருங்கள், அடிக்கடி வாருங்கள். ஆனால் உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ சளி இருந்தால் அந்த வாரம் வராதீர்கள். தீபாவளியாயினும், பிறந்தநாளாயினும், நீண்ட பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாலும் தள்ளிப்போடுங்கள். உதவியாளரிடம் நாம் கேட்கும் கட்டுப்பாட்டை நமக்கும் வைத்துக்கொள்வதே முறை.

மருத்துவர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. தொண்டை கரகரக்க வார்டுக்குள் நுழைந்த நாட்கள் எங்களுக்கும் உண்டு. அதைக் கடமையுணர்ச்சி என்று பெருமைப்பட்டதும் உண்டு. அது கடமையன்று என்பதை இப்போது உணர்கிறோம்.

இன்னொரு குரலும் எங்கள் காதில் விழுகிறது. 'எண்பதைத் தாண்டிவிட்டார், இதற்கு மேல் என்ன?' என்பது அது. மருத்துவ உலகிலும் இக்குரல் பழையதுதான். வில்லியம் ஆஸ்லர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் 1892இல் வெளியிட்ட தம் பாடநூலில் நிமோனியாவை முதுமையின் பகை என்ற பொருளில் எழுதினார். 1898ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அதை முதியோரின் நண்பன் என்று குறித்தார். நெடுநாள் துன்புற்று, வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு மருத்துவமனையும் குழாய்களும் வேண்டாம் என்று அவரும் குடும்பத்தாரும் அமைதியாக முடிவெடுப்பது வேறு. அந்த முடிவை நாங்கள் மதிக்கிறோம். மூச்சுத்திணறலைத் தணிக்கும் கவனிப்பை இல்லத்திலேயே வழங்க உதவுகிறோம். ஆனால் காலையில் இன்னும் கொஞ்சம் காபி கேட்கும் ஒருவரிடம், தடுத்திருக்கக் கூடிய ஒரு தொற்று நண்பனாக வருவதில்லை. எது எந்த நிலை என்பதை நோய் வருமுன் பேசிவைப்பது நல்லது. அவசர ஊர்தியில் பேச வேண்டிய பேச்சன்று அது.

நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் தாயோ தந்தையோ இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை செல்லும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. உதவியாளருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய ஊதியம் உண்டா?

2. இந்த ஆண்டு ஊழியர்களுக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போடப்பட்டதா? செலவை ஏற்றவர் யார்?

3. உணவு நேரத்தில் ஓர் உதவியாளர் எத்தனை பேருக்கு ஊட்டுகிறார்? இரவில் யார் பல் துலக்கி, பல்செட்டைக் கழற்றி வைக்கிறார்?

4. முதியவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டால் உதவியாளர் அதை எங்கே எழுதுகிறார்? அதை அன்றே படிப்பவர் யார்?

5. ஒருவருக்குச் சுவாசத் தொற்று என்றால் மற்றவர்களிடமிருந்து அவரைப் பிரித்துவைக்க அறை இருக்கிறதா?

குற்றம் காணும் தொனியில் கேட்க வேண்டாம். நல்ல இல்லம் இக்கேள்விகளை வரவேற்கும். விடை இல்லாத இல்லம், கேள்வி வந்தபின் விடை தேடத் தொடங்கும்.

ஆறாவதாக ஒன்றும் உண்டு. அதைக் கேட்க வேண்டியது இல்லத்தாரிடமன்று. உங்கள் தாய்க்குக் காபி கொடுக்கும் அந்த அம்மையாரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே கேட்டறியுங்கள். உங்கள் கைப்பேசி எண்ணை அவருக்குக் கொடுங்கள். 'ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அது என்னவென்று தெரியாவிட்டாலும் என்னைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லுங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு மாற்றத்தைச் செய்திருக்கிறோம். இல்லத்திலிருந்து ஒரு முதியவர் வந்தால், உடன் வந்த உதவியாளரை நடைகூடத்தில் நிறுத்திவைக்காமல் உள்ளே அழைத்து, ஒரு நாற்காலி கொடுத்து, 'எப்போது முதல்?' என்று முதலில் அவரிடமே கேட்கிறோம். வீடு திரும்பும் நாளில் மருந்துகளைப் பற்றிய விளக்கத்தையும் பிள்ளைகளோடு அவரையும் உட்காரவைத்தே சொல்கிறோம். நோயின் வரலாறு முன்பைவிடத் தெளிவாகக் கிடைக்கிறது.

அந்த 82 வயது மூதாட்டி சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். சக்கர நாற்காலிதான், எனினும் நுரையீரல் தெளிந்திருந்தது. உடன் அதே அம்மையார் வந்திருந்தார். 'காபி குடிக்கிறார்களா?' என்று கேட்டோம். "முழுசா குடிக்கிறாங்க டாக்டர், இன்னும் கொஞ்சம் கேக்குறாங்க" என்றார். அன்றைய குறிப்பேட்டில் நாங்கள் முதலில் எழுதியது அதைத்தான்.